கோபன்ஹேகன் போகிறீர்களா? டிக்கெட்டுக்கு முன்னால் நாட்களை எண்ணுங்கள்!

மாயவரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மகளும் மாப்பிள்ளையும் டென்மார்க்கில், கோபன்ஹேகனில் இருக்கிறார்கள். ஜூலை 10-ம் தேதி வாக்கில் பிரசவம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்களாம். நான் இதுவரை விமானம் ஏறியதில்லை. என் வீட்டுக்காரரோ, 'மேட்டூர் திறக்கிற நேரத்தில் வயலை விட்டுவிட்டு எப்படி வருவது?' என்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து போவதா, நான் மட்டும் போவதா? ஆறு மாதம் தங்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?"

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டா மாவட்டங்கள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து எங்கெங்கோ போய்விட்டார்கள். பேரன் பேத்தி பிறக்கும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் மாறவில்லை. அதனால் இந்த வாரப் பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை முதலில் வாங்கிவிடாதீர்கள். முதலில் நாட்களை எண்ணுங்கள். மகளின் தேதி, வயலின் தேதி, விசாவின் தேதி ஆகிய மூன்றையும் ஒரே காலண்டரில் குறித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

*90 நாள்தான், ஆறு மாதம் இல்லை*

அமெரிக்கா போனவர்கள் ஆறு மாதம் தங்கிவிட்டு வருவதைப் பார்த்து, எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். டென்மார்க் அப்படி இல்லை. அது ஷெங்கன் நாடுகளில் ஒன்று. பார்வையாளர் விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்கள்தான் இருக்கலாம். இறங்கும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள். டென்மார்க்கில் 90, பிறகு ஜெர்மனியில் சொந்தக்காரர் வீட்டில் 30 என்று பிரித்துக்கொள்ளவும் முடியாது. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. 90 நாள் என்பது அதிகபட்சம். எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று இல்லை. விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் என்று தனியாக ஓர் எண் போட்டிருப்பார்கள். அது 60 என்றால் 60-தான். விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பது வேறு, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் இரண்டையும் படித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது நம் வாசகியின் கணக்குக்கு வருவோம். பிரசவம் ஜூலை 10 என்றால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவும் வலி வரலாம், ஒரு வாரம் தள்ளியும் போகலாம். ஜூன் 20-ல் போய் இறங்கினால் 90-வது நாள் செப்டம்பர் 17. பிரசவத்துக்கு முன் மூன்று வாரம், பிறகு ஏறக்குறைய பத்து வாரம் கிடைக்கும். 'மே மாதமே போய் மகளைக் கவனித்துக்கொள்கிறேன்' என்று ஆசைப்பட்டு மே முதல் தேதி போய்விட்டால், ஜூலை கடைசியில் கிளம்ப வேண்டியிருக்கும். குழந்தைக்கு இருபது நாள்கூட நிறைந்திருக்காது. கை தேவைப்படும் நேரத்தில் கிளம்ப நேர்ந்தால் அழுகைதான் மிஞ்சும்.

திரும்பும் டிக்கெட்டை 17-ம் தேதிக்கே போடாதீர்கள். 15-ம் தேதிக்குப் போடுங்கள். விமானம் ரத்தானாலும் கையில் இரண்டு நாள் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகப்படமும் விரல்ரேகையும் எடுத்துக் கணினியில் ஏற்றும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைக்குப் பதிலாக வந்த ஏற்பாடு இது. நாட்களைக் கணினியே எண்ணிவிடும். ஒரு நாள் கூடினாலும் அது பதிவாகும். அடுத்த விசாவுக்கு அதுவே தடையாகலாம்.

*அப்பாவின் தேதி மேட்டூரில் இருக்கிறது*

கணவனும் மனைவியும் சேர்ந்தேதான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த வீட்டில் பிரித்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும். அடுத்த சில நாட்களில் கல்லணை திறக்கும். ஜூன் முழுவதும் நாற்றங்கால், உழவு, நடவு என்று குறுவை வேலை நெருக்கும். ஜூலையில் களையும் உரமும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் மேலுரம் போட்டு முடிந்திருக்கும். அறுவடை செப்டம்பர் கடைசியில்தான். நடுவில் தண்ணீர் பார்க்கவும் பூச்சி தெரிந்தால் சொல்லவும் நம்பிக்கையான ஓர் ஆள் இருந்தால் ஆகஸ்ட் 10 முதல் 30 வரை அப்பா போய் வரலாம். குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். தாத்தா கையில் வாங்கிக்கொள்ளச் சரியான பருவம்!

ஆனால், அணை நம் சொல் கேட்குமா? 2025-ல் ஜூன் 12-லேயே திறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம், 2024-ல், நீர்மட்டம் குறைந்து ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அப்படி ஆகிவிட்டால் ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்களுக்குக் குறுவை கிடையாது, நேராகச் சம்பாதான். அப்போது ஆகஸ்ட் மாதம் ஓய்வு மாதமாக இருக்காது, நாற்று விடும் மாதமாகிவிடும். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

அதனால் அம்மாவின் விசாவுக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள். அப்பாவின் விண்ணப்பத்தை மேட்டூர் நிலவரம் தெரிந்த பிறகு, ஜூன் நடுவில் போடுங்கள். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். எப்படிப் பார்த்தாலும் ஆகஸ்டுக்குள் தெரிந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது, கொஞ்சம் கூடுதல் பணமானாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

அந்த வருடம் தண்ணீர் தள்ளிப்போனால்? மனம் தளர வேண்டாம். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் முடியும். அதன் பிறகு உளுந்து, பயறு. அதையும் எடுத்துவிட்டால் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை டெல்டாக்காரருக்கு விடுமுறைக் காலம். கோபன்ஹேகனில் அது வசந்தம். குளிர் குறைந்து, பகல் நீண்டு, பூ பூக்கும் நேரம். பேரப்பிள்ளையும் தவழ ஆரம்பித்திருக்கும். செப்டம்பரில் திரும்பிய அம்மாவுக்கும் ஏப்ரலுக்குள் பழைய 90 நாள் கணக்கு தீர்ந்து புதிய கணக்கு தொடங்கியிருக்கும். புதிதாக விசா வாங்கிக்கொண்டு இரண்டு பேருமே சேர்ந்து போகலாம்.

பிரசவம் போன்ற அவசியம் இல்லாமல் பிள்ளைகளைப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கும் இந்த ஏப்ரல், மே மாதங்களையே சொல்வேன்.

*வயலே சாட்சி சொல்லட்டும்*

விசா அதிகாரி மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: 'இவர் திரும்பிப் போவாரா?' சம்பளக்காரர் என்றால் கம்பெனி விடுப்புக் கடிதம், வருமான வரிக் கணக்கு என்று காட்டுவார். விவசாயிக்கு? விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலர் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். அதனால் 'நம்மிடம் காட்ட ஒன்றுமில்லை' என்று சோர்ந்துவிடுகிறார்கள்.

உண்மையில் உங்களிடம் இருப்பது வலுவான சாட்சி. நிலத்தையும் நட்ட பயிரையும் விட்டுவிட்டு யார் வெளிநாட்டிலேயே தங்கிவிடப் போகிறார்கள்? அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பட்டா, சிட்டா, நடப்புப் பயிரைக் காட்டும் அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, அந்தப் பணம் வரவாகியிருக்கும் வங்கிக் கணக்கு அறிக்கை, தாசில்தார் தரும் வருமானச் சான்று, வீட்டுவரி ரசீது. இவற்றை வரிசையாக அடுக்குங்கள். தமிழில் உள்ள காகிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விண்ணப்பத்துக்கு முதல் வாரம் யாரிடமாவது கைமாற்று வாங்கி வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் போட்டு 'பேலன்ஸ்' காட்டும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. திடீரென்று வந்த பணம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். கொள்முதல் பணம் வந்ததும் செலவானதும் தெரிகிற, ஆறு மாதத்து உண்மையான கணக்கே மேல்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மகளின் பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். 'இவர்தான் அந்தப் பெண்ணின் அம்மா' என்று காட்டியாக வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் உள்ள பக்கத்தையும் உங்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். பாஸ்போர்ட் சேவை மையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு என்று விதி இருந்தாலும், இரண்டு மாதத்துக்கு முன்பே போடுவதுதான் நிம்மதி. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விரல்ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும்.

மகளும் மாப்பிள்ளையும் தர வேண்டியவை: அழைப்புக் கடிதம், அங்கே வசிப்பதற்கான அனுமதியின் நகல், வேலைச் சான்று, வீட்டு முகவரி. கடிதத்தில் பிரசவத் தேதியை மறைக்க வேண்டாம். மகளுக்குக் குழந்தை பிறக்கும்போது அம்மா வருவது இயல்பான காரணம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

*முதல் விமானம், அதுவும் தனியாக*

சென்னையிலிருந்து எங்காவது ஓர் இடத்தில் விமானம் மாறித்தான் கோபன்ஹேகன் போக வேண்டும். முதல்முறை தனியாகப் போகும் அம்மாவுக்கு வளைகுடா வழி, அதாவது தோஹா அல்லது துபாய் வழி சுலபம். காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர் வழியாகப் போனால், குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். அதை முடித்துக்கொண்டு அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். வளைகுடா வழி என்றால் கேள்வி கேட்பது கோபன்ஹேகனில்தான். வெளியே மகள் வீட்டார் நிற்பார்கள், அவசரம் இல்லை.

லண்டன் வழி டிக்கெட் விலை குறைவாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. இடையில் விமானம் மாறுவதற்கே தனி விசா தேவைப்படும்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது. 'நான் நன்றாகத்தானே நடக்கிறேன்' என்று கூச்சப்பட வேண்டாம். பெரிய விமான நிலையத்தில் அடுத்த வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விடுவதற்கு ஓர் ஆள் கிடைப்பதுதான் இதில் பெரிய உதவி.

கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். அதில் அழைப்புக் கடிதம், மகளின் முகவரியும் போன் எண்ணும், திரும்பும் டிக்கெட், காப்பீடு ஆகியவற்றைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்தால் போச்சு. எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள்? கேட்பது பெரும்பாலும் இந்த நான்கைத்தான். நான்குக்கும் பதில் அந்த உறைக்குள் இருக்கும்.

*பெட்டியில் எது, எது கூடாது*

பிரசவ வீட்டுக்குப் போகிற அம்மாவின் பெட்டி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடக்கம். நெய் சேர்த்துக் கிளறிய பிரசவ லேகியமும் மாட்டிக்கொள்ளலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் காயவைத்துப் பொடித்து, பெயர் ஒட்டிய பாக்கெட்டுகளில் கொண்டுபோய் அங்கே கிளறிக்கொள்ளுங்கள்.

நெய்க்குக் கவலையே வேண்டாம். டென்மார்க் வெண்ணெய்க்குப் பேர்போன நாடு. உப்பில்லாத வெண்ணெயாகப் பார்த்து வாங்கி வீட்டில் உருக்கினால் நெய்!

பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, கும்பகோணம் வெற்றிலை ஆகியவற்றுக்கும் தடை. பச்சை இலை, காய், விதை எதுவானாலும் பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் விட மாட்டார்கள். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. புழுங்கலரிசி, பருப்பு, புளி எல்லாம் அங்குள்ள ஆசியக் கடைகளில் கிடைக்கும். அவற்றைச் சுமந்து எடையைக் கூட்டாதீர்கள்.

குக்கர் கொண்டுபோவதாக இருந்தால் முதலில் மகளிடம் 'அடுப்பு எது?' என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் நம் சாதாரண அலுமினியக் குக்கர் வேலை செய்யாது, இண்டக்‌ஷன் அடி போட்டது வேண்டும். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். உருண்டை இரட்டைப் பின் சார்ஜர் பொருந்தும். மிக்ஸியின் மூன்று பின் பிளக் பொருந்தாது. அதற்கான அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலையில்கூட நம் மார்கழி விடியற்காலை மாதிரிதான் பல நாள் இருக்கும். காற்றும் திடீர் மழையும் உண்டு. ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கால் முழுவதும் மூடும் ஷூ, சாக்ஸ் அவசியம்.

*மருந்து, காப்பீடு*

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தங்கும் நாட்கள் முழுமைக்கும் கணக்கிட்டு, அட்டையைப் பிரிக்காமல், ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். பாதியைக் கைப்பையில் வையுங்கள். தீர்ந்தால் கூரியரில் வரவழைக்கலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தபாலில் மருந்து வரவழைக்க அங்கே அனுமதி இல்லை. நம் ஊர் மருந்துச் சீட்டைக் காட்டி அங்குள்ள கடையில் வாங்கிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள்.

விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். கடமைக்கு மலிவாக ஒன்றை எடுக்காமல், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது பொருந்துமா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். 'அங்கே ஆஸ்பத்திரி இலவசமாமே' என்பது அங்கே வசிப்பவர்களுக்கு. பார்க்க வந்தவர்கள் காப்பீட்டைத்தான் நம்ப வேண்டும். அவசரத்துக்கு எண் 112. உயிர் ஆபத்து இல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத தொந்தரவுக்குக் கோபன்ஹேகன் வட்டாரத்தில் 1813. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

*அங்கே பிரசவ வீடு வேறு மாதிரி*

இதைச் சொல்லாமல் விட்டால் மனவருத்தம் வரும். அதனால் முன்பே சொல்கிறேன்.

சுகப்பிரசவம் என்றால் ஒன்றிரண்டு நாளிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'கவனிக்கவில்லையே' என்று பதறாதீர்கள். நகராட்சியின் குழந்தை நலச் செவிலியர் வீட்டுக்கே வந்து எடை பார்த்து, பால் கொடுப்பது பற்றிச் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர் ஊற்றும் முறை, உரை மருந்து, இவற்றைப் பற்றி உங்கள் கருத்தும் அவர் கருத்தும் ஒன்றாக இருக்காது. அந்தக் குழந்தைக்கு நடுவராக நீங்கள் போகவில்லை. முடிவை மகளிடம் விட்டுவிடுங்கள்.

மாப்பிள்ளையும் வீட்டில்தான் இருப்பார். 2022 ஆகஸ்ட் முதல் அங்கே சேர்ந்து வாழும் பெற்றோரில் ஆளுக்கு 24 வாரம் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. வேலை பார்ப்பவருக்கு அதில் 11 வாரத்தை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. அதனால் மாப்பிள்ளை துணி மாற்றுவார், பாத்திரம் கழுவுவார். 'நீங்க போங்க தம்பி, நான் பார்த்துக்கறேன்' என்று அவரை நகர்த்தாதீர்கள். நீங்கள் செப்டம்பரில் கிளம்பிவிடுவீர்கள். அதன் பிறகு செய்யப்போவது அவர்தான்.

தெருவில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போட்டு, கடைக்கு வெளியே திறந்தவெளியில் தூங்க விட்டிருப்பார்கள். அது அந்த ஊர் வழக்கம், யாரும் குழந்தையை மறந்துவிட்டுப் போகவில்லை! ஜூன் மாதம் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும், காலை நாலரைக்கே விடிந்துவிடும். வெளிச்சத்தை நம்பினால் இரவுச் சாப்பாடும் மாத்திரையும் தப்பிப்போகும். கடிகாரத்தைப் பாருங்கள். கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால்.

*தஞ்சாவூர்க்காரர் பார்க்க வேண்டியது*

கோபன்ஹேகன் நமக்கு அந்நியமான ஊர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உறவு நானூறு வருடத்துப் பழையது. 1620 நவம்பரில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் தூதராக வந்த ஓவ கியெட்டயும் செய்துகொண்ட உடன்படிக்கையால்தான் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கைக்குப் போனது. ரகுநாத நாயக்கர் அந்த மன்னருக்கு அனுப்பிய தங்க ஓலைக் கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் தரங்கம்பாடி போய் வாருங்கள். டேன்ஸ்போர்க் கோட்டையையும் உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். வழியில் திருக்கடையூரில் அபிராமியையும் கும்பிட்டுக்கொள்ளலாம். டென்மார்க்கிலும் ஓர் அபிராமி கோயில் உண்டு, பிராண்டெ என்னும் ஊரில். 1983-க்குப் பிறகு அகதிகளாகப் போன இலங்கைத் தமிழர்கள் அந்த மேற்குப் பகுதியில்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் சில மணி நேரம். விடுமுறையில் குடும்பத்தோடு போகத் தோதான இடம்.

கோபன்ஹேகனுக்குள்ளே அதே நான்காம் கிறிஸ்டியன் கட்டிய வட்டக் கோபுரம் இருக்கிறது. 1642-ல் முடித்தது. படிக்கட்டுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. உச்சியில் மட்டும்தான் கொஞ்சம் படிகள். முழங்கால் வலிக்காரர்களும் நிதானமாக ஏறிவிடலாம். அவர் கட்டிய ரோசன்போர்க் அரண்மனையும் பக்கத்திலேயே. அமாலியன்போர்க் அரண்மனை முற்றத்தில் குதிரை மேல் இருக்கும் ஐந்தாம் ஃபிரெடரிக் சிலைக்குப் பணம் கொடுத்தது ஆசியாவோடு வணிகம் செய்த டேனிஷ் கம்பெனி. கடல்கன்னி சிலை மட்டும் ரொம்பச் சிறியது, ஒன்றேகால் மீட்டர்தான். பெரிதாக எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவுக்கு மெட்ரோவில் கால் மணி நேரம். நிலையத்தில் தடுப்புக் கதவு இருக்காது, ஆனால் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லாவிட்டால் அபராதம் பலமாக இருக்கும். பணம் யூரோ இல்லை, டேனிஷ் குரோனர். சைக்கிள் பாதையில் நிற்கவே நிற்காதீர்கள், அது நடைபாதை மாதிரியே தெரியும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

*காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்*

ஜனவரி: பாஸ்போர்ட், பெயர்த் திருத்தம்.
பிப்ரவரி, மார்ச்: பட்டா, அடங்கல், கொள்முதல் ரசீது, மொழிபெயர்ப்பு, மகளிடமிருந்து அழைப்புக் கடிதம்.
ஏப்ரல்: பயணத் திட்டம், காப்பீடு, அம்மாவின் விசா விண்ணப்பம்.
மே: விசா வந்ததும் நாட்களைச் சரிபார்த்து டிக்கெட்டை உறுதி செய்தல், மருந்து, தரங்கம்பாடி.
ஜூன் 12: மேட்டூர் செய்தி. ஜூன் நடுவில் அப்பாவின் விண்ணப்பம்.
ஜூன் 20: அம்மா கோபன்ஹேகனில்.
ஆகஸ்ட் 10 முதல் 30: அப்பா. இல்லையென்றால் அடுத்த ஏப்ரல்.
செப்டம்பர் 15: அம்மா ஊர் திரும்புதல்.

உங்கள் வீட்டுத் தேதி வேறாக இருக்கலாம். மகளின் பிரசவத் தேதியிலிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணுங்கள், அங்கிருந்து 90 நாள் முன்னால் எண்ணுங்கள். விதிகளும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பம் போடும் வாரத்தில் டென்மார்க் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பிள்ளைகளைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

போய் இறங்கியதும் மகள் முதலில் கேட்கப்போவது 'என்னம்மா கொண்டுவந்தே?' என்றுதான். சுக்குப்பொடி இருக்கிறது என்று சொல்லுங்கள். நெய்யை அங்கே உருக்கிக்கொள்ளலாம்.